நேர்ஸ் மயக்க மருந்து கொடுக்கலாமா?

தாதியர் பக்கம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில், அமெரிக்காவில் மயக்க மருந்து டொக்டர் இல்லாமல் தாதியரே மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியசாலைகள் உண்டு என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த முறை திருகோணமலையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன். என் உத்தியோக காலத்தில் பெரும்பகுதி ஒப்பரேஷன் தியேட்டரில், நோயாளியின் தலைமாட்டுப் பக்கம் கழிந்தது. இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது எனக்கு விருப்பமான வேலை.

*சிஸ்டர், நான் நான்கு வருடமாக ஐ.சி.யு.வில் வேலை செய்கிறேன். நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சாள், "இங்கே மயக்க மருந்து நேர்ஸுக்கு டொக்டர்மாருக்குக் கிட்டத்தட்டச் சம்பளம்" என்கிறாள். டவுனில் ஓர் ஏஜென்சிக்காரர் கடவுச்சீட்டையும் முற்பணத்தையும் தந்தால் நேரடியாக அந்த வேலையிலேயே சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார். நம்பலாமா?*
தாதி உத்தியோகத்தர், உப்புவெளி

தங்கச்சி, கடவுச்சீட்டைக் கொடுக்க வேண்டாம். காசையும் கொடுக்க வேண்டாம். அந்த வேலைக்கு நேரடியாகப் போக ஒரு வழியும் இல்லை. ஏன் இல்லை என்பதை நீங்கள் விளங்கிக்கொண்டால் இனி எந்த ஏஜென்சிக்காரரும் உங்களை ஏமாற்ற முடியாது. ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சம்பளம் பற்றி உங்கள் மச்சாள் சொன்னது உண்மை. வருடத்துக்கு 2 இலட்சம் டொலர் என்பது அந்த வேலையில் சாதாரணம். அவர்களை, அதாவது சான்றிதழ் பெற்ற மயக்க மருந்துத் தாதியரை, அங்கே சி.ஆர்.என்.ஏ. என்பார்கள். ஆனால் அந்த நாட்டில் தாதியருக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது வாஷிங்டன் அரசு அல்ல. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித் தாதியர் சபை உண்டு, அதுதான் கொடுக்கும். எனவே முதலில் எந்த மாநிலம் என்று நீங்கள் முடிவெடுக்க வேண்டும். அந்த மாநிலத்தின் விதிப்படி உங்கள் படிப்பை எடைபோடுவார்கள்: மருத்துவம், சத்திரசிகிச்சை, குழந்தை, பிரசவம், மனநலம் ஒவ்வொன்றிலும் வகுப்பில் எத்தனை மணி, வார்ட்டில் எத்தனை மணி என்று. கலிபோர்னியா இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு பாடத்தின் வகுப்பும் வார்ட் பயிற்சியும் ஒரே காலத்தில் நடந்தனவா என்று கேட்கும். வெளிநாட்டில் படித்த தாதியர் பலர் அந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அதற்குப் பிறகு என்கிளெக்ஸ் என்ற தாதியர் அனுமதிப் பரீட்சை. கணினி உங்கள் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கடினமாக்கும் அல்லது இலேசாக்கும். குறைந்தது 85 கேள்வி, கூடியது 150, நேரம் 5 மணித்தியாலம். ஆங்கிலப் பரீட்சை வேறு, வீசாவுக்கான தகைமைச் சரிபார்ப்பு வேறு. வீசா வரிசை வருடக்கணக்கில் இழுக்கும். இவ்வளவும் முடித்தால் நீங்கள் அங்கே பதிவு பெற்ற சாதாரணத் தாதி. மயக்க மருந்துப் பக்கம் இன்னும் கால் வைக்கவில்லை.

மயக்க மருந்துப் பள்ளியில் சேர இளமாணிப் பட்டம் வேண்டும், அமெரிக்கத் தாதியர் அனுமதிப்பத்திரம் வேண்டும், குறைந்தது ஒரு வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் (ஐ.சி.யு.) முழுநேர வேலை செய்திருக்க வேண்டும். ஏஜென்சிக்காரர் உங்களிடம் சொல்லாத விஷயம் இங்கேதான் இருக்கிறது. அந்த ஒரு வருடம் அமெரிக்காவிலோ, அதன் ஆட்சிப்பகுதிகளிலோ, வெளிநாட்டில் உள்ள அமெரிக்க இராணுவ வைத்தியசாலையிலோ செய்ததாக இருக்க வேண்டும். நீங்கள் இங்கே செய்த நான்கு வருடமும் அந்தக் கணக்கில் சேராது. அதற்காக அவை வீண் என்று நினைத்துவிடாதீர்கள். வென்டிலேட்டர் நோயாளியை இரவு முழுக்கத் தனியே பார்த்தவள், இரத்த அழுத்தத்தைத் தூக்கும் நோர் அட்ரினலினை மில்லி மில்லியாக ஏற்றி இறக்கத் தெரிந்தவள் என்பதுதான் அங்கே ஓர் ஐ.சி.யு.வில் உங்களுக்கு இடம் வாங்கித் தரும். அங்கு போய்ப் பழகும் முதல் மாதங்களிலும் அதுதான் கைகொடுக்கும்.

பள்ளி மூன்று வருடம். 2022 ஜனவரியிலிருந்து புதிதாகச் சேர்கிறவர்கள் எல்லோரும் கலாநிதிப் பட்டப் படிப்பில்தான் சேர வேண்டும், முதுமாணி போதாது. படிக்கும் காலத்தில் குறைந்தது 2,000 மணித்தியாலம் தியேட்டரிலும் வார்ட்டிலும் நிற்க வேண்டும், நூற்றுக்கணக்கானோருக்கு மயக்க மருந்து கொடுத்திருக்க வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டு படிப்பது நடைமுறையில் முடியாத காரியம். கட்டணமும் பெரும் தொகை.

முடித்தவர் தேசியச் சான்றிதழ்ச் சபையின் பரீட்சை எழுதி சி.ஆர்.என்.ஏ. என்ற சான்றிதழ் பெறுவார். அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் மாநிலத் தாதியர் சபைக்குப் போய் உயர்நிலைத் தாதியருக்கான தனி அனுமதி பெற வேண்டும். அதற்குப் பிறகும் வேலை செய்யப்போகும் வைத்தியசாலை தன் பங்குக்கு அவருடைய பதிவேட்டைப் பார்த்து, இவர் முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்யலாமா, குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா என்று ஒவ்வொன்றாக எழுதிக் கொடுக்கும். மாநிலத்தின் அனுமதி, தேசியச் சபையின் சான்றிதழ், வைத்தியசாலையின் எழுத்து, இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஊசியைத் தொட முடியாது. சான்றிதழை நான்கு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.

இப்போது சொல்லுங்கள், இதில் எந்த இடத்தில் ஏஜென்சிக்காரர் உங்களை நேரடியாக உள்ளே விடுவார்? வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் யாரும் ஆள் எடுக்க முடியாது. அவருடைய அனுமதி இலக்கத்தைக் கேட்டு வாங்கி 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து விசாரியுங்கள். இலக்கம் தரத் தயங்கினால் அத்தோடு கதையை முடித்துவிடுங்கள்.

*மகள் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருட டிப்ளோமா முடித்துவிட்டு வேலை செய்கிறாள். பட்டம் இல்லை. இந்தப் படிப்பு அவளுக்கு எட்டாக்கனியா?*
ஒரு தகப்பன், கிண்ணியா

இல்லை நானா. டிப்ளோமாவோடு தாதியராகப் பதிவு பெற இடம் தரும் மாநிலங்கள் உண்டு. மயக்க மருந்துப் பள்ளிதான் பட்டம் கேட்கும். வேலையில் இருக்கும் டிப்ளோமாத் தாதியருக்கென்றே இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டம் இருக்கிறது. சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே மகள் அதைப் படிக்கட்டும். வெளிநாடு போனாலும் போகாவிட்டாலும் அது அவளுக்குச் சொத்து.

அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது, அதை இந்த மாதமே செய்யச் சொல்லுங்கள். படித்த கல்லூரிக்குப் போய், பாடவாரியாக மணித்தியாலம் குறித்த விவரத்தை முத்திரையோடு எடுத்து வைக்க வேண்டும். வருடங்கள் போனால் பொறுப்பாக இருந்தவர்கள் மாறிவிடுவார்கள், பழைய கோப்பு எந்த அலுமாரியில் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஒரு தாளுக்காகப் பிள்ளைகள் லீவு போட்டு அலைந்து கண்கலங்கி நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

பெயரையும் பாருங்கள். எங்கள் ஆட்களுக்கு, தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் ஒரேமாதிரி, பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் தலைப்பெழுத்தோடு ஒரு பெயர், டிப்ளோமாவில் ஓர் ஆங்கில எழுத்துக் கூடுதல். அமெரிக்கப் படிவம் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டம் போட்டுக் கேட்கும்போது தகப்பன் பெயர் ஒன்றில் முன்னுக்குப் போகும், ஒன்றில் பின்னுக்குப் போகும். இரண்டு ஆவணத்தில் இரண்டு விதம் இருந்தால் அவர்கள் கண்ணுக்கு அது இரண்டு ஆள். கடவுச்சீட்டில் உள்ள எழுத்தையே எல்லாவற்றிலும் ஒன்றாக்கிக்கொள்ளட்டும். தாதியர் பேரவைப் பதிவிலும் அதே எழுத்து இருக்க வேண்டும்.

*அண்ணா அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறார். அடுத்த மாதம் ஹேர்னியா ஒப்பரேஷன். மயக்க மருந்து கொடுக்கப்போவது நேர்ஸாம், அதற்கென்று தனி டொக்டர் அந்த வைத்தியசாலையில் இல்லையாம். அம்மாவுக்கு நித்திரை இல்லை. சட்டம் இதை அனுமதிக்கிறதா? ஆபத்து இல்லையா?*
வாசகி, அன்புவழிபுரம்

சட்டம் அனுமதிக்கிறது. அதுவும் டொக்டரின் மேற்பார்வை கட்டாயம் என்ற நிபந்தனைக்கு விலக்கு முதலில் தொடங்கியது நீங்கள் சொன்ன அயோவாவில்தான்.

65 வயதைக் கடந்தவர்களின் வைத்தியச் செலவை அங்கே மெடிகேர் என்ற அரசுத் திட்டம் கொடுக்கிறது. அந்தப் பணத்தை வாங்கும் வைத்தியசாலைகளுக்கு ஒரு நிபந்தனை உண்டு: தாதி மயக்க மருந்து கொடுத்தால் ஒப்பரேஷன் செய்யும் டொக்டரோ மயக்க மருந்து டொக்டரோ மேற்பார்வை செய்ய வேண்டும். 2001 நவம்பரில் இதில் ஒரு வாசல் திறந்தார்கள். ஒரு மாநில ஆளுநர், மருத்துவச் சபையையும் தாதியர் சபையையும் கலந்து பேசி, மாநிலச் சட்டத்துக்கு முரண் இல்லை, மக்களுக்கு நன்மை என்று கடிதம் எழுதினால், அந்த மாநிலத்துக்கு மேற்பார்வை நிபந்தனையிலிருந்து விலக்குக் கிடைக்கும். அயோவா ஆளுநர் அந்த டிசம்பரிலேயே எழுதிவிட்டார். பிறகு நெப்ராஸ்கா, மினசோட்டா, கன்சாஸ் என்று கிராமங்கள் நிறைந்த மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 2009இல் கலிபோர்னியா எழுதியபோது டொக்டர்மார் சங்கங்கள் வழக்குப் போட்டுத் தோற்றன. இன்று 20க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இந்த விலக்கைப் பெற்றிருக்கின்றன. சில மாநிலங்கள் கிராமப்புற வைத்தியசாலைகளுக்கு மட்டும் வாங்கியிருக்கின்றன. காரணம் எளிது. சிறிய ஊரில் மயக்க மருந்து டொக்டர் கிடைக்கமாட்டார். தாதியும் இல்லையென்றால் பிரசவத்துக்குக்கூட மணிக்கணக்கில் காரோட்டிப் போக வேண்டும்.

இது நேற்று முளைத்த வழக்கம் அல்ல என்று அம்மாவிடம் சொல்லுங்கள். மினசோட்டாவில் மேயோ சகோதரர்கள் என்ற சேர்ஜன்மாரிடம் வேலை செய்த அலிஸ் மகாவ் என்ற தாதி, முகத்தில் வலைத்துணி வைத்துச் சொட்டுச் சொட்டாக ஈதர் விட்டு மயக்கியவர். 14,000 பேருக்குக் கொடுத்து மயக்க மருந்தால் ஒருவரும் சாகவில்லை என்று 1906இல் எழுதினார். நாடி பார்க்கும் இயந்திரமோ ஒக்சிசன் காட்டும் திரையோ இல்லாத காலம் அது. நோயாளியோடு பேசிப் பேசி, மூச்சைக் கேட்டுக் கேட்டு விட்ட சொட்டுகள். அந்தப் பெண்மணியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கைகூப்பத் தோன்றும். தாதி மயக்க மருந்து கொடுப்பது மருத்துவத் தொழிலைக் களவாகச் செய்வது என்று கலிபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். 1936இல் மாநில உச்ச நீதிமன்றம் அப்படி அல்ல என்று தீர்ப்புச் சொன்னது.

ஆபத்தைப் பற்றி ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2000ஆம் ஆண்டு வந்த ஓர் ஆய்வு, மயக்க மருந்து டொக்டரின் வழிநடத்தல் இல்லாத இடங்களில் இறப்புச் சற்றுக் கூட என்றது. 2010இல் வந்த இன்னொன்று, விலக்குப் பெற்ற மாநிலங்களில் தீங்கு கூடவில்லை என்றது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது மயக்க மருந்துத் தாதியர் சங்கம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2014இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கொக்ரேன் குழு எல்லா ஆய்வுகளையும் பார்த்துவிட்டு, எது மேல் என்று திட்டமாகச் சொல்லச் சான்று போதாது என்று எழுதியது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான்: உங்கள் அண்ணாவுக்கு வரப்போகிறவர் அரைகுறை ஆள் அல்ல. மேலே உப்புவெளித் தங்கச்சிக்கு எழுதிய படிகள் அத்தனையும் ஏறி வந்தவர்.

தியேட்டரில் நான் நம்பிக்கை வைப்பது தலைமாட்டில் நிற்பவர் எப்படி நிற்கிறார் என்பதில்தான். காலையில் முதல் நோயாளி வருமுன் குழாயின் வாயை உள்ளங்கையால் அடைத்து, பையை நிரப்பி அமர்த்தி, காற்றுக் கசிகிறதா என்று அவர் பார்ப்பார். தொண்டைக்குள் பார்க்கும் கருவியான லரிங்கோஸ்கோப்பைச் சொடுக்கி பல்ப் எரிகிறதா என்று பார்ப்பார். ஒவ்வொரு சிரிஞ்சிலும் மருந்தின் பெயரை ஒட்டுவார். நோயாளி மயங்கிய பிறகு மொனிட்டரில் நாடிக்கு ஒரு 'பீப்' கேட்கும். இரத்தத்தில் ஒக்சிசன் குறையக் குறைய அந்த ஓசையின் சுருதி இறங்கும். நல்லவர்கள் சேர்ஜனோடு கதைத்துக்கொண்டு நின்றாலும் காது அதிலேயே இருக்கும். எங்களுக்கெல்லாம் அது விளங்குமுன் அவர்களின் கை ஒக்சிசன் குமிழில் இருக்கும். டொக்டராக இருந்தாலும் தாதியாக இருந்தாலும் நான் பார்ப்பது அந்தக் காதைத்தான்.

அண்ணாவை இவற்றைக் கேட்கச் சொல்லுங்கள்: தொடக்கத்திலிருந்து முடிவுவரை நீங்கள் அறையிலேயே இருப்பீர்களா? சிக்கல் வந்தால் எந்த வைத்தியசாலைக்கு, எப்படிக் கொண்டுபோவீர்கள்? கேட்டால் கோபிக்கமாட்டார்கள், அங்கே இது வழமை. அவரும் ஒளிக்காமல் சொல்ல வேண்டியவை உண்டு. சீனி வருத்தத்துக்கோ பிரஷருக்கோ எடுக்கும் குளிசைகள், மெலிவதற்கு ஊசி போடுகிறார் என்றால் அது, குறட்டை, ஆடும் பல், வீட்டில் யாருக்காவது மயக்க மருந்தில் கடும் காய்ச்சல் வந்து ஆபத்தான கதை. சாப்பாடு பற்றி அவர்கள் சொல்லும் மணிக்கணக்கைக் கண்டிப்பாகக் காக்க வேண்டும். பொதுவாகப் பால் தேத்தண்ணிக்கும் 6 மணித்தியாலம், வெறும் தண்ணீருக்கு 2.

*கனடாவிலும் நேர்ஸ்தான் கொடுக்கிறார்களா? அக்கா டொரொன்டோவில் இருக்கிறார், எங்களையும் அங்கே வந்து இதைப் படிக்கச் சொல்கிறார்.*
சகோதரிகள் இருவர், நிலாவெளி

இல்லை பிள்ளைகளே. கனடாவில் மயக்க மருந்து கொடுப்பது டொக்டர்மார். அவர்களுக்குக் கீழே மயக்க மருந்து உதவியாளர்கள் இருக்கிறார்கள். தாதியரும் சுவாச சிகிச்சையாளர்களும் அந்தப் பயிற்சியைப் பெறலாம். நல்ல வேலைதான், ஆனால் சி.ஆர்.என்.ஏ. வேறு. அக்கா சொல்வது எது என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

*இவ்வளவு நல்ல ஏற்பாடு என்றால் எங்கள் நாட்டில் ஏன் இல்லை? தூர இடங்களில் மயக்க மருந்து டொக்டர் லீவு என்றால் ஒப்பரேஷன் தள்ளிப் போகிறது. அனுபவமுள்ள தாதியருக்கு அரசாங்கம் ஓர் அனுமதியைக் கொடுத்தால் என்ன?*
ஓய்வுபெற்ற ஆசிரியர், தம்பலகாமம்

ஐயா, உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. மின்சாரம் நின்ற இரவுகளில், ஜெனரேட்டர் எழும்பும்வரை ஒருவர் டோர்ச் பிடிக்க, மயக்க மருந்து டொக்டர் கையால் பையை அமுக்கி அமுக்கி நோயாளியின் உயிரைப் பிடித்து வைத்திருந்ததை அருகில் நின்று பார்த்தவள் நான். களைத்த கையிலிருந்து அந்தப் பையை வாங்கி நானும் அமுக்கியிருக்கிறேன். எங்கள் தாதியரின் கையில் திறமை இல்லை என்று யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

ஆனாலும் அனுபவத்துக்கு மட்டும் ஓர் அனுமதித் தாளைக் கொடுப்பதற்கு நான் எதிர். எங்கள் முறை டொக்டர்மாரை வைத்துக் கட்டியது: விசேட வைத்திய நிபுணர், அவருக்குக் கீழே மயக்க மருந்துப் பிரிவு வைத்திய உத்தியோகத்தர்கள். தாதி பக்கத்தில் நின்று உதவுகிறாள், கொடுப்பதில்லை. பையை அமுக்கத் தெரிவது வேறு, எந்த மருந்தை எந்த இருதயத்துக்கு எவ்வளவு கொடுப்பது என்று தனியே தீர்மானிப்பது வேறு. அமெரிக்கத் தாதிக்கு அந்த உரிமை வந்தது அவளுக்கென்று பள்ளி இருந்ததால், 1931இலிருந்து ஒரு சங்கம் இருந்ததால், 1945இலிருந்து ஒரு தேசியப் பரீட்சை இருந்ததால். பிரான்சிலும் சுவீடனிலும் டென்மார்க்கிலும் மயக்க மருந்துத் தாதியர் இருக்கிறார்கள். அங்கும் தனிப் பயிற்சி முடித்த பிறகுதான், பெரும்பாலும் டொக்டரோடு சேர்ந்துதான் வேலை.

இங்கே தொடங்குவதானால் பட்டத்துக்குப் பிந்திய பயிற்சியிலிருந்து தொடங்க வேண்டும். யார் எத்தனை பேருக்குக் கொடுத்தார், என்ன நடந்தது என்று ஒவ்வொன்றும் எழுதப்படும் ஏடு வேண்டும். இரவு இரண்டு மணிக்குச் சிக்கல் வந்தால் தொலைபேசியை எடுக்கக் கடமைப்பட்ட நிபுணர் யார் என்று பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்காவில்கூட ஒரு டொக்டர் ஒரே நேரத்தில் நான்கு தியேட்டர்வரை தாதியரை வழிநடத்தும் முறைதான் பெரிய வைத்தியசாலைகளில் பரவலாக இருக்கிறது. எங்களுக்கு முதலில் பொருந்துவது அதுபோன்ற ஒன்று என்பது என் எண்ணம். அதற்கு யாராவது பாடத்திட்டம் எழுத உட்கார்ந்தால் இந்த வயதிலும் நான் போய் உட்காரத் தயார்.

*பெறாமகள் டெக்சாஸில் சி.ஆர்.என்.ஏ. கணவருக்குப் புளோரிடாவுக்கு மாற்றம். இரண்டும் ஒரே ஒப்பந்தத்தில் இருக்கும் மாநிலங்களாம், ஆகவே அனுமதிப்பத்திரம் கூடவே வரும் என்கிறாள். சரிதானா?*
வாசகி, பட்டினத்தெரு

பாதி சரி. ஒரு மாநிலத்தின் பதிவு மற்ற மாநிலங்களிலும் செல்லும் தாதியர் அனுமதி ஒப்பந்தத்தில் இரண்டு மாநிலமும் இருக்கின்றன. ஆனால் அந்த ஒப்பந்தம் சாதாரணத் தாதியர் பதிவுக்கு மட்டும். குடிபெயர்ந்தால் 60 நாளுக்குள் புளோரிடாவில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அதுவரை டெக்சாஸ் பதிவு செல்லும். சி.ஆர்.என்.ஏ. அனுமதி ஒப்பந்தத்தில் அடங்காது, அதைப் புளோரிடாவில் தனியே எடுக்க வேண்டும். அது கைக்கு வரும்வரை மயக்க மருந்து கொடுக்கக் கூடாது. புளோரிடாவில் டொக்டரோடு எழுத்தில் செய்த நடைமுறை ஒழுங்கும் தேவை. 2020இல் அந்த மாநிலம் வேறு உயர்நிலைத் தாதியர் சிலருக்குத் தனித்து இயங்க இடம் கொடுத்தபோது மயக்க மருந்துத் தாதியரைச் சேர்க்கவில்லை. புதிய வைத்தியசாலை தன் அனுமதியை எழுதிக் கொடுக்கவும் மாதங்கள் ஆகும். டெக்சாஸ் வேலையை விடும் கடிதத்தை இப்போதே கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் புளோரிடா விண்ணப்பம் போகட்டும்.